ரெண்டு பக்கமும் லைட் எரியுது, பாயிண்ட் யாருக்கு? ஃபென்சிங் வார்த்தைகள் ஒரு விளக்கம்

2021 ஜூலை 26, டோக்கியோ ஒலிம்பிக்ஸ். சென்னையைச் சேர்ந்த சி.ஏ. பவானி தேவி துனிசியாவோட நாடியா பென் அஸிஸியை 15-3ன்னு ஜெயிச்சாங்க. ஒலிம்பிக்ஸ் ஃபென்சிங்ல ஒரு இந்தியர் ஆடின முதல் மேட்ச்சே அதுதான். அடுத்த ரவுண்டுல பிரான்ஸோட மனோன் புருனேகிட்ட 7-15ன்னு தோத்தாங்க. அன்னைக்கு டிவி முன்னாடி உக்காந்த நம்ம ஆளுங்கள்ல நிறைய பேருக்கு அதுதான் முதல் வாள்வீச்சு மேட்ச்சா இருந்திருக்கும், பார்த்ததும் ஒரே குழப்பமாவும் இருந்திருக்கும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பாயுறாங்க, ரெண்டு பக்கமும் லைட் எரியுது, ரெண்டு பேருமே தனக்குத்தான் பாயிண்ட்டுன்னு கத்துறாங்க, ரெஃப்ரி கையை இப்படியும் அப்படியும் காட்டி நாலு வார்த்தை சொல்றார், ஒருத்தருக்கு மட்டும் ஸ்கோர் ஏறுது. சில தடவை யாருக்குமே ஏறுறதில்ல.

அந்த நாலு வார்த்தை புரிஞ்சா போதும், மொத்த ஆட்டமும் புரிஞ்சிடும். ஃபென்சிங் வார்த்தைகள்னு தேடினா பெரிய பெரிய பட்டியல் வரும், அகரவரிசையில நூறு நூத்தம்பது சொல்லு இருக்கும், அதை உக்காந்து மனப்பாடம் பண்ணினா கூட மேட்ச் பார்க்கும்போது ஒண்ணும் உதவாது. ஏன்னா இந்த வார்த்தைகள் தனித்தனியா வர்றதில்ல. நடந்ததை நடந்த வரிசையில சொல்ற ஒரே வாக்கியமா ரெஃப்ரி வாயிலேர்ந்து வருது. யார் ஆரம்பிச்சா, எதிராளி அதுக்கு என்ன பண்ணினா, கடைசியில யார் குத்து செல்லும், இவ்வளவுதான் அந்த வாக்கியம். அதனால நானும் அந்த வரிசையிலயே போறேன்.

முதல்ல என்ன வாள்னு தெரியணும், ஏன்னா வாள் மாறினா சட்டமே மாறிடும். ஃபாயில், எபே, சேபர்னு மூணு வகை. ஃபாயில்ல முனையால மட்டும்தான் குத்தணும், அதுவும் உடம்பு மேல மட்டும், அதாவது நெஞ்சு, வயிறு, முதுகு, முகமூடிக்கு கீழ தொங்குற துணியோட கீழ்ப்பகுதி. கை, கால், தலை கணக்குல வராது. எபேலயும் முனையாலதான் குத்தணும், ஆனா தலையிலேர்ந்து கால் கட்டைவிரல் வரைக்கும் எங்க பட்டாலும் பாயிண்ட். சேபர் பவானி தேவி ஆடுற வாள், இதுல முனையால குத்தலாம், பிளேடால வெட்டலாம், இடுப்புக்கு மேல இருக்குற எல்லாம் டார்கெட், தலையும் கையும் உட்பட, மணிக்கட்டுக்குக் கீழ இருக்குற விரல் பகுதி மட்டும் கிடையாது. எடைன்னு பார்த்தா ஃபாயிலும் சேபரும் 500 கிராமுக்குள்ள இருக்கணும், எபே கொஞ்சம் கனம், 770 கிராம் வரைக்கும் போகலாம்.

டிவியில டக்குனு அடையாளம் கண்டுபிடிக்கணும்னா டிரஸ்ஸை பாருங்க. வெள்ளை ஜாக்கெட் மேல பளபளன்னு உலோக நூல் கலந்த ஒரு மேலாடை போட்டிருந்தா அதுக்குப் பேர் லாமே. கை இல்லாத லாமேன்னா ஃபாயில். முழுக்கை லாமேன்னா சேபர், அதுல முகமூடியும் கரண்ட் கடத்துற மாதிரிதான் இருக்கும், ஏன்னா தலையும் டார்கெட். லாமேயே இல்லைன்னா எபே, அதுல உடம்பு முழுக்க டார்கெட்டுங்கிறதால தனியா எந்த இடத்தையும் பிரிச்சுக் காட்ட வேண்டிய அவசியமே இல்ல.

எபேலயும் ஃபாயில்லயும் வாள் முனையில ஸ்பிரிங் வச்ச சின்ன பட்டன் ஒண்ணு இருக்கு. லேசா உரசினா பத்தாது, ஃபாயில்ல 500 கிராம், எபேல 750 கிராம் அழுத்தத்துக்கு மேல குடுத்தாதான் லைட் எரியும். மேட்ச் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெஃப்ரி வாளை நிமிர்த்திப் பிடிச்சு முனை மேல ஒரு குட்டி எடைக்கல்லை வைப்பார், ஆடுறவங்க பட்டனை அமுக்கி விட்டதும் ஸ்பிரிங் அந்தக் கல்லை திரும்ப மேல தூக்கணும், தூக்கலைன்னா அந்த வாள் செல்லாது. சேபர்ல இந்தப் பட்டனே கிடையாது, பிளேடு லாமேயைத் தொட்டாலே லைட் எரிஞ்சிடும், சேபர் ஆட்டம் அவ்வளவு வேகமா இருக்குறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

லைட்டுலயும் கவனிக்க வேண்டியது இருக்கு. ஒரு பக்கம் சிவப்பு, இன்னொரு பக்கம் பச்சை, இது செல்லுற குத்து. ஃபாயில்ல மட்டும் வெள்ளை லைட் ஒண்ணு உண்டு, குத்து பட்டுது ஆனா டார்கெட்டுக்கு வெளியன்னு அர்த்தம், கையில தொடையில பட்டிருக்கும். வெள்ளை எரிஞ்சா பாயிண்ட் இல்ல, ஆனா ஆட்டம் நிக்கும். அப்ப அட்டாக் பண்ணினவர் எதிராளி தொடையில குத்திட்டா, அதுக்கப்புறம் எதிராளி சரியான இடத்துல குத்தினா கூட அது எடுபடாது. முதல்ல உரிமை இருந்தவர் (இந்த உரிமை என்னன்னு கொஞ்சம் கீழ சொல்றேன்) தன் வாய்ப்பை வீணாக்கிட்டார், அதோட அந்த வரிசை முடிஞ்சுது. சேபர்ல இந்த வெள்ளை லைட் தொல்லை கிடையாது, டார்கெட்டுக்கு வெளிய பட்டா மெஷின் கண்டுக்கவே கண்டுக்காது, ஆட்டம் பாட்டுக்கு ஓடும்.

ஆடுற இடத்துக்குப் பேர் பீஸ்ட். 14 மீட்டர் நீளம், ஒன்றரையிலேர்ந்து 2 மீட்டர் அகலம். நடுக்கோட்டுலேர்ந்து ரெண்டு பக்கமும் 2 மீட்டர் தள்ளி ஒரு கோடு, அந்தக் கோட்டுக்குப் பின்னாடிதான் ரெண்டு பேரும் நிக்கணும், அப்ப நடுவுல 4 மீட்டர் இடைவெளி. கடைசி 2 மீட்டர் வேற கலர்ல இருக்கும், பின்னாடி எல்லை நெருங்குதுன்னு எச்சரிக்கை. ரெண்டு காலும் பின் எல்லையைத் தாண்டிட்டா எதிராளிக்கு ஒரு பாயிண்ட். ரெஃப்ரி பிரெஞ்சுல 'ஆன் கார்ட்'னு சொன்னா தயார் நிலையில நிக்கணும், 'ப்ரே'ன்னு கேட்டா ரெடியான்னு கேக்குறார், 'அலே'ன்னா ஆரம்பிங்க, 'ஹால்ட்'னா நிறுத்துங்க. உலகத்துல எந்த ஊர்ல மேட்ச் நடந்தாலும் இதே சொல்லுதான், அதனால வேற வேற நாட்டுக்காரங்க ஒரே பாஷை தெரியாமலே ஆடிட்டுப் போயிடுறாங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஃபாயிலுக்கும் சேபருக்கும் உயிர்நாடியா இருக்குறது ப்ரியாரிட்டி, சிலர் ரைட் ஆஃப் வேன்னும் சொல்றாங்க. ரெண்டு லைட்டும் எரிஞ்சா யாருக்கு உரிமை இருந்துச்சோ அவருக்குத்தான் பாயிண்ட். ஒரு லைட் மட்டும் எரிஞ்சா இந்தக் கேள்வியே எழாது, குத்தினவருக்குப் பாயிண்ட், முடிஞ்சுது. இந்தச் சட்டம் எதுக்குன்னா, இது நிஜ வாள்சண்டைலேர்ந்து வந்த விளையாட்டு, நிஜமா கூரான வாள் ஒண்ணு உங்க நெஞ்சை நோக்கி வரும்போது புத்தியுள்ள மனுஷன் முதல்ல அதைத் தடுப்பான், தடுத்துட்டுத்தான் திருப்பிக் குத்துவான். தடுக்காம நானும் குத்துறேன்னு பாஞ்சா ரெண்டு பேரும் செத்துப்போவாங்க. அந்த முட்டாள்தனத்துக்கு பாயிண்ட் குடுக்கக் கூடாதுங்கிறதுதான் ப்ரியாரிட்டியோட அடிப்படை. பட்டிமன்றத்துல ஒருத்தர் பேசிட்டிருக்கும்போது அவர் வாதத்தை முறிச்சுட்டு நம்ம பேச்சை ஆரம்பிக்கலாம், ஆனா முறிக்காம சும்மா கூட சேர்ந்து கத்தினா அது கணக்குல வராது இல்லையா, அதே மாதிரி.

உரிமை யாருக்கு முதல்ல கிடைக்கும்னா, அட்டாக் ஆரம்பிச்சவருக்கு. அட்டாக்னா சும்மா முன்னாடி ஓடி வர்றது இல்ல. கை நீள ஆரம்பிக்கணும், நீண்டுக்கிட்டே போகணும், வாள் எதிராளியோட டார்கெட்டை மிரட்டிக்கிட்டே இருக்கணும், இது மூணும் சேர்ந்தாதான் அட்டாக். இது புரியாமதான் பல பேர் "அந்தப் பொண்ணுதானே முன்னாடி வந்துச்சு, அப்புறம் ஏன் எதிராளிக்குக் குடுத்தாங்க"ன்னு கேக்குறாங்க. முன்னாடி வந்திருக்கலாம், ஆனா கை மடங்கியே இருந்திருக்கும், வாள் வானத்தைப் பார்த்திருக்கும். அதுக்குப் பேர் ப்ரிபரேஷன், அட்டாக்குக்கான தயாரிப்பு. ஒருத்தர் தயாரிப்புல இருக்கும்போது இன்னொருத்தர் கையை நீட்டி பாஞ்சுட்டா உரிமை அவருக்குப் போயிடும், ரெஃப்ரி அட்டாக் இன் ப்ரிபரேஷன்னு சொல்வார். சேபர்ல, ஃபாயில்ல நடக்குற சண்டை சச்சரவுல பெரும்பாதி இந்த ஒரு இடத்துலதான், அது தயாரிப்பா அட்டாக்கா, கை எப்ப நீள ஆரம்பிச்சுது, காலுக்கு முன்னாடியா பின்னாடியா. எனக்கு இந்த விளையாட்டுல ரொம்பப் பிடிச்ச இடமும் இதுதான், கண் இமைக்கிற நேரத்துல நடந்ததை வரிசை தப்பாம பிரிச்சுப் பார்க்க ஒரு மனுஷக் கண்ணு பழகிக்க முடியும்ங்கிறது.

அட்டாக் வந்தாச்சு, எதிராளி என்ன பண்ணலாம்? ஒண்ணு, தன் வாளால அதைத் தடுக்கலாம், அது பாரி. பாரி பண்ணின நொடியில உரிமை கை மாறுது. பாரி பண்ணினவர் உடனே திருப்பிக் குடுக்குற குத்துக்குப் பேர் ரிப்போஸ்ட். அந்த ரிப்போஸ்ட்டையும் முதல் ஆள் தடுத்துத் திருப்பிக் குடுத்தா கவுன்டர் ரிப்போஸ்ட், அதையும் தடுத்தா இன்னொரு கவுன்டர் ரிப்போஸ்ட், இப்படி எவ்வளவு தூரம் வேணா போகலாம். பாரி பண்ணிட்டு ஒரு கணம் யோசிச்சு நின்னுட்டா உரிமை போயிடும், அந்த 'உடனே'ங்கிறது முக்கியம்.

இப்ப ஒரு காட்சியை மெதுவா ஓட்டிப் பார்ப்போம். சேபர் மேட்ச். இடது பக்கம் இருக்குறவங்க கையை நீட்டிக்கிட்டே பாஞ்சு எதிராளி தலையை நோக்கி வெட்டுறாங்க. வலது பக்கம் இருக்குறவங்க வாளைப் படுக்கையா தலைக்கு மேல தூக்கி அந்த வெட்டை வாங்கிக்கிறாங்க, உலோகத்து மேல உலோகம் படுற சத்தம் டிங்குனு கேக்குது, அங்கேர்ந்தே மணிக்கட்டைத் திருப்பி இடது பக்கத்தவங்க விலாவுல ஒரு வெட்டு. அதே சமயம் இடது பக்கத்தவங்க விடாம இன்னொரு தடவை தட்டுறாங்க, அதுவும் படுது. ரெண்டு லைட்டும் எரியுது. ரெஃப்ரி சொல்வார்: இடதுலேர்ந்து அட்டாக், பாரி, ரிப்போஸ்ட், வலதுக்கு பாயிண்ட். சொல்லும்போதே முதல்ல ஒரு கையை நீட்டிக் காட்டுவார், அப்புறம் தடுத்ததைக் காட்டுவார், கடைசியில பாயிண்ட் யாருக்கோ அந்தப் பக்கக் கையைத் தூக்குவார். இடது பக்கத்தவங்களோட ரெண்டாவது தட்டும் பட்டுது உண்மைதான், ஆனா அப்ப அவங்ககிட்ட உரிமை இல்ல, பாரியோட போயிடுச்சு.

அந்த ரெண்டாவது தட்டுக்கும் பேர் இருக்கு, ரிமீஸ். முதல் குத்து தடுக்கப்பட்டோ தவறியோ போனப்புறம் கையை மடக்காம அதே இடத்துலேர்ந்து திரும்பவும் குத்துறது. எதிராளி பாரி பண்ணிட்டு சும்மா நின்னா ரிமீஸுக்கு பாயிண்ட் கிடைக்கும், எதிராளி உடனே ரிப்போஸ்ட் பண்ணிட்டா கிடைக்காது. இதுக்குப் பக்கத்துலயே ரிடபிள்மென்ட், ரிப்ரீஸ்னு ரெண்டு சொல்லு உண்டு, கையை மடக்கித் திரும்ப நீட்டினா ஒண்ணு, தயார் நிலைக்கு வந்துட்டு திரும்பப் பாஞ்சா இன்னொண்ணு. பார்க்கிறவங்களுக்கு இந்த வித்தியாசம் அவ்வளவு அவசியமில்ல, மூணுமே விட்ட அட்டாக்கை மறுபடி எடுக்குறதுதான்.

தடுக்காமலே எதிராளி நடுவுல புகுந்து குத்தினா அது கவுன்டர் அட்டாக். ரெண்டும் பட்டா அட்டாக்தான் ஜெயிக்கும், அப்ப ஏன் ஒருத்தர் கவுன்டர் அட்டாக் பண்ணணும்? ரெண்டு காரணம். ஒண்ணு, குத்திட்டு உடனே பின்னாடி நழுவிட்டா எதிராளியோட அட்டாக் படாமலே போயிடும், ஒரு லைட்தான் எரியும். இன்னொண்ணு நேரக் கணக்கு. முதல் குத்து பட்ட அப்புறம் குறிப்பிட்ட நேரம் தாண்டினா மெஷின் ரெண்டாவது குத்தை ஏத்துக்காது, ஃபாயில்ல அது 300 மில்லி செகண்ட், சேபர்ல 170 மில்லி செகண்ட். முன்னாடி சேபர்ல 120ஆ இருந்துச்சு, 2016ல 170 ஆக்கினாங்க. 50 மில்லி செகண்ட் என்ன பெரிசுன்னு தோணும், ஆனா ஒரு குட்டி கவுன்டர் அட்டாக் போட்டு எதிராளியோட லைட்டை பூட்டிடுறது அதுக்கப்புறம் கஷ்டமாயிடுச்சு, பாரி பண்ணினவரோட ரிப்போஸ்ட்டுக்கும் கூடுதல் நேரம் கிடைச்சுது.

'அலே' சொன்னதும் ரெண்டு பேருமே ஒரே நேரத்துல ஒரே மாதிரி பாஞ்சு ரெண்டும் பட்டுட்டா அது சைமல்டேனியஸ், யாருக்கும் பாயிண்ட் இல்ல, திரும்ப முதல்லேர்ந்து. சேபர்ல இது அடிக்கடி நடக்கும். புதுசா பார்க்கிறவங்களுக்கு இது சலிப்பா இருக்கும், ஆனா அதுக்குள்ள பெரிய கணக்கு ஓடுது: ரெண்டு தடவை நேரா பாஞ்சாச்சு, மூணாவது தடவையும் எதிராளி நேராத்தான் வருவாங்கன்னு நினைச்சு ஒரு அடி வந்துட்டு டக்குனு பின்னாடி இழுத்துட்டா எதிராளியோட வெட்டு காத்துல போகும், உரிமை இங்க வந்திடும். ரெஃப்ரி அப்ப 'அட்டாக் நோ'ன்னு சொல்வார், அட்டாக் தவறிடுச்சு, இனி இவங்களோட அட்டாக்.

அட்டாக் இல்லாமலே முன்கூட்டி உரிமை வாங்குற வழி ஒண்ணு இருக்கு, பாயின்ட் இன் லைன். எதிராளி அட்டாக் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கையை முழுசா நேரா நீட்டி, முனை டார்கெட்டைக் குறி வச்ச மாதிரி அப்படியே பிடிச்சிட்டா உரிமை நீட்டினவருக்கு. எதிராளி முதல்ல அந்த வாளைத் தட்டி விலக்கணும், விலக்காம வந்தா தானே போய் குத்திக்கிட்ட மாதிரி ஆயிடும். இப்ப இது அபூர்வமாத்தான் வருது, ஆனா வரும்போது சரியான நேரத்துல வந்துச்சுன்னா பார்க்க அவ்வளவு அழகா இருக்கும்.

எபேல இந்த ப்ரியாரிட்டி கதை எதுவும் கிடையாது. யார் முதல்ல குத்தினா பாயிண்ட், சுமார் 40 மில்லி செகண்டுக்குள்ள ரெண்டு பேரும் குத்திட்டா டபுள் டச், ரெண்டு பேருக்கும் ஒவ்வொரு பாயிண்ட். அதனாலதான் எபே ஆடுறவங்க அவ்வளவு பொறுமையா காத்திருக்காங்க, கையோ மணிக்கட்டோ ஒரு அங்குலம் வெளிய தெரிஞ்சா அங்கயே குத்து விழும். ஸ்கோர்ல முன்னாடி இருக்குறவருக்கு டபுள் டச் லாபம், 14-12ல ஒரு டபுள் வந்தாலே மேட்ச் முடிஞ்சுது.

ஆனா எபேலயும் ப்ரியாரிட்டிங்கிற வார்த்தை வரும், வேற பொருள்ல, அதைக் குழப்பிக்கக் கூடாது. நேரம் முடியும்போது ஸ்கோர் சமமா இருந்தா ஒரு நிமிஷம் கூடுதலா குடுப்பாங்க, அதுக்கு முன்னாடி மெஷின் குலுக்கல்ல ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கும், அவருக்கு ப்ரியாரிட்டி. அந்த ஒரு நிமிஷத்துல முதல் பாயிண்ட் எடுத்தவர் ஜெயிச்சார், யாரும் எடுக்கலைன்னா குலுக்கல்ல வந்தவர் ஜெயிச்சார். இது மூணு வாளுக்கும் பொது. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் பெண்கள் எபே அரையிறுதி, தென் கொரியாவோட ஷின் ஆ-லாமும் ஜெர்மனியோட பிரிட்டா ஹைடமனும் 5-5, ப்ரியாரிட்டி ஷின்கிட்ட. பாக்கி இருந்தது ஒரே ஒரு செகண்ட். அந்த ஒரு செகண்டுக்குள்ள மறுபடி மறுபடி ஆரம்பிச்சு மறுபடி மறுபடி மோதினாங்க, கடிகாரம் ஒண்ணுலயே நின்னுது, கடைசியில ஹைடமன் குத்தினாங்க. கொரியா அப்பீல் பண்ணுச்சு, பீஸ்ட்டை விட்டு இறங்கினா முடிவை ஏத்துக்கிட்டதா ஆயிடும்ங்கிறதால ஷின் அழுதுக்கிட்டே ஒரு மணி நேரத்துக்கு மேல அங்கயே உக்காந்திருந்தாங்க. முடிவு மாறல. அந்தப் பொண்ணு பக்கம் நியாயம் இருந்துச்சுன்னுதான் நான் இன்னைக்கும் நினைக்கிறேன்.

பாரிக்கு நம்பர் உண்டு, பிரெஞ்சுல எட்டு எண்ணு. உடம்பை நாலா பிரிச்சு மேல கீழ, உள்பக்கம் வெளிப்பக்கம்னு எந்த மூலையைக் காப்பாத்துறோம், அப்ப உள்ளங்கை மேல பார்க்குதா கீழ பார்க்குதாங்கிறதைப் பொறுத்து நம்பர் மாறும். எட்டையும் தெரிஞ்சுக்க வேண்டாம். சேபர்ல மூணு நிறைய வரும்: டியர்ஸ் வாள் பிடிச்ச கைப் பக்கத்து விலாவுக்கு, கார்ட் நெஞ்சுப் பக்கத்துக்கு, கேன்ட் தலைக்கு, மேல சொன்ன காட்சியில வந்தது அந்தக் கேன்ட்தான். ஃபாயில்ல கார்ட்டும் சிக்ஸ்ட்டும் கேட்டுக்கிட்டே இருக்கும். பாரி நிக்கணும்னா பிளேடோட எந்தப் பகுதியால தடுக்குறோம்ங்கிறது முக்கியம், கைப்பிடிக்குப் பக்கத்துல இருக்குற கெட்டியான பாதி ஃபோர்ட், முனைப் பக்கம் வளையுற பாதி ஃபாய்பில். ஃபோர்ட்டால எதிராளியோட ஃபாய்பிலை வாங்கினா ரெண்டு விரல் பலம் போதும், திருப்பிப் பண்ணினா எவ்வளவு பலசாலியா இருந்தாலும் வாள் உள்ள வந்திடும்.

தடுப்பை ஏமாத்துறதுக்கு ஃபெயின்ட், குத்துற மாதிரி காட்டி வேற இடத்துல குத்துறது. எதிராளியோட வாளுக்கு அடியில முனையைச் சுத்தி மறுபக்கம் கொண்டு போனா டிஸ்எங்கேஜ், மேல தூக்கித் தாண்டினா கூபே. எதிராளி வாளைத் தட்டிட்டுப் போனா பீட். பீட்டும் பாரியும் வெளியிலேர்ந்து பார்த்தா ஒரே டிங் சத்தம்தான், யார் தட்டினா யார் தடுத்தாங்கிறதுல ரெஃப்ரிக்கும் ஆடுறவங்களுக்கும் நிறைய வாக்குவாதம் வரும்.

காலுக்கு வந்தா அட்வான்ஸ் முன்னாடி ஒரு அடி, ரிட்ரீட் பின்னாடி ஒரு அடி, லஞ்ச் முன்காலை நீளமா எறிஞ்சு பின்காலை நேரா நீட்டிப் பாயுறது, முழங்கால் தாங்குற கடைசி எல்லை அது. ஃப்ளெஷ்னா பின்கால் முன்காலைத் தாண்டி ஓட்டமா பாயுறது, ஃபாயில்லயும் எபேலயும் பண்ணலாம், சேபர்ல முன்னாடி போகும்போது காலைக் குறுக்க மாத்தவே கூடாது, மாத்தினா ரெஃப்ரி தண்டனை கார்டு காட்டுவார். இத்தனைக்கும் மேல டிஸ்டன்ஸ்னு ஒண்ணு, கோச்சுங்க வாயில அதிகமா வர்ற வார்த்தை அதுவாத்தான் இருக்கும். எதிராளியோட லஞ்ச் ஒரு சாண் குறைய விழுற தூரத்துல நின்னுட்டே இருக்கத் தெரிஞ்சா பாரியே பாதி தேவைப்படாது. 2023 ஜூன்ல சீனாவோட வூஷி நகரத்துல நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்ல பவானி தேவி காலிறுதியில அப்போதைய உலக சாம்பியன் ஜப்பானோட மிசாகி எமுராவை 15-10ன்னு சாய்ச்சாங்க, அரையிறுதியில உஸ்பெகிஸ்தானோட ஜைனப் தயிபெகோவாகிட்ட 14-15ன்னு விட்டாங்க. 14-14 ஆனப்புறம் வர்ற அந்த ஒரே பாயிண்டுக்கு லா பெல்னு பேர். அரையிறுதியில தோத்த ரெண்டு பேருக்குமே அங்க வெண்கலம் உண்டு, அப்படி வந்ததுதான் ஆசிய சாம்பியன்ஷிப்ல இந்தியாவோட முதல் மெடல். பள்ளிக்கூடத்துல மூங்கில் குச்சி வச்சுப் பழகின கதையை அவங்களே பேட்டியில சொல்லியிருக்காங்க, அங்கேர்ந்து அந்த லா பெல் வரைக்கும் வந்திருக்காங்கன்னு நினைச்சாலே பெருமையா இருக்கு.

மேட்ச் அமைப்புல அதிகம் சிக்கல் இல்ல. முதல்ல சின்னக் குழுவா பிரிச்சு எல்லாரும் எல்லாரோடவும் ஆடுறது பூல், 5 பாயிண்ட், 3 நிமிஷம். அப்புறம் தோத்தா வெளிய, 15 பாயிண்ட், 3 நிமிஷமா மூணு பகுதி, நடுவுல ஒரு நிமிஷம் ஓய்வு. சேபர்ல நேரம் வரைக்கும் போகவே போகாது, அதனால ஒருத்தர் 8 தொட்டதும் ஓய்வு. டீம் மேட்ச்ல மூணு மூணு பேர், ஒன்பது சின்ன ஆட்டம், ஸ்கோர் ஒண்ணு மேல ஒண்ணா ஏறிக்கிட்டே போகும், 45 தொட்டவங்க ஜெயிச்சாங்க.

கார்டு மூணு கலர். மஞ்சள் எச்சரிக்கை, சிவப்புக்கு எதிராளிக்கு ஒரு பாயிண்ட், கறுப்புன்னா போட்டியிலேர்ந்தே வெளிய. மேட்ச் ஆரம்பத்துலயும் முடிவுலயும் வாளை உயர்த்தி எதிராளிக்கும் ரெஃப்ரிக்கும் பார்வையாளருக்கும் வணக்கம் வைக்கணும், இதுக்கு சல்யூட்டுன்னு பேர், வைக்காம போனா தண்டனை உண்டு. 2023ல மிலான் உலக சாம்பியன்ஷிப்ல உக்ரைனோட ஓல்ஹா கார்லன் ரஷ்யாவைச் சேர்ந்த அன்னா ஸ்மிர்னோவாவை 15-7ன்னு ஜெயிச்சிட்டு, கை குலுக்காம வாள் முனையை மட்டும் நீட்டினாங்க. கை குலுக்குறது அப்ப கட்டாயம், கறுப்பு கார்டு விழுந்துச்சு. தன் நாட்டு மேல போர் நடக்கும்போது அவங்க வேற என்ன பண்ணியிருக்க முடியும்? பிறகு கை குலுக்குற கட்டாயத்தை எடுத்துட்டாங்க, அடுத்த வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல கார்லன் தனிநபர் சேபர்ல வெண்கலமும் டீம்ல தங்கமும் வாங்கினாங்க.

சாமான் விஷயத்துல ரெண்டு சம்பவம் தெரிஞ்சிருக்கணும், ஏன்னா இப்ப இருக்குற பல சட்டம் அதுலேர்ந்துதான் வந்துச்சு. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸ்ல மாடர்ன் பென்டத்லான்ல, அதாவது அஞ்சு விளையாட்டு சேர்ந்த போட்டியில, ஒரு பகுதியா எபே நடந்துச்சு. எபேல முனை அமுங்கும்போதுதான் கரண்ட் சுத்து முழுமையாகும். சோவியத் யூனியனோட போரிஸ் ஒனிஷ்சென்கோ கைப்பிடிக்குள்ள சுவிட்ச் ஒண்ணு மறைச்சு வச்சு, குத்தாமலே லைட்டை எரிய வச்சார். பிரிட்டனோட ஜிம் ஃபாக்ஸ் தன் மேல வாள் படவே இல்லன்னு புகார் பண்ண, வாளைப் பிரிச்சுப் பார்த்து அவரை வெளியேத்தினாங்க. ரெண்டாவது 1982 ரோம் உலக சாம்பியன்ஷிப், மேற்கு ஜெர்மனியோட மத்தியாஸ் பெஹ்ரோட ஃபாயில் பாதியில உடைஞ்சு, மாஸ்கோ ஒலிம்பிக்ஸ் தங்கம் வாங்கின விளாதிமிர் ஸ்மிர்னோவோட முகமூடியைத் துளைச்சு உள்ள போயிடுச்சு. சில நாள்ல அவர் இறந்துட்டார். அதுக்கப்புறம்தான் விரிசல் மெதுவா பரவுற மராஜிங் ஸ்டீல் பிளேடு, 800 நியூட்டன் தாங்குற ஜாக்கெட், 1,600 நியூட்டன் தாங்குற முகமூடித் துணின்னு எல்லாம் கட்டாயமாச்சு. ஜாக்கெட்டுக்கு உள்ள வாள் பிடிக்கிற கைப் பக்கம் அக்குளை மூடி இன்னொரு அரைச்சட்டை போடுவாங்க, பிளாஸ்ட்ரான். உங்க வீட்டுப் பிள்ளை கிளாஸுக்குப் போகுதுன்னா அந்தப் பிளாஸ்ட்ரானைப் போட்டிருக்கான்னு ஒரு தடவை பார்த்திடுங்க, வேர்க்குதுன்னு கழட்டி வைக்கிறது பிள்ளைங்க வழக்கம்.

கடைசியா வீடியோ. ரெஃப்ரி சொன்ன வரிசை தப்புன்னு தோணினா ஆடுறவங்க விரலால காத்துல ஒரு சதுரம் வரைஞ்சு காட்டுவாங்க, ரீப்ளே பாருங்கன்னு அர்த்தம். ஒரு மேட்ச்ல இத்தனை தடவைதான்னு கணக்கு உண்டு, கேட்டது சரின்னு ஆனா அந்த வாய்ப்பு கையிலயே இருக்கும், தப்புன்னா ஒண்ணு குறையும். அதுவும் என் குத்து பட்டுச்சுன்னு சொல்லி எதுவும் ஆகாது, அது லைட்டுலயே தெரியும். அது பாரி இல்ல என் பீட், அவங்க கை இன்னும் நீளல அது ப்ரிபரேஷன், அது ரிமீஸ் இல்ல எதிராளி ரிப்போஸ்ட் லேட்டுன்னு இந்த வார்த்தைகளாலதான் வாதாட முடியும். யூட்யூப்ல ஏதாவது ஒரு சேபர் ஃபைனலை எடுத்து, இந்த மாதிரி ரீப்ளே கேட்ட இடத்துல மட்டும் நிறுத்தி, ரெஃப்ரி சொல்றதுக்கு முன்னாடி நீங்களே வாய்விட்டு வரிசையைச் சொல்லிப் பாருங்க. ஆரம்பத்துல பாதி தப்பாத்தான் வரும், கையை மட்டும் கவனிங்க, கால் ஏமாத்தும்.